சல்லடை அண்ணி கழித்த புகை

அவள் வேலையே சந்தேகப்படுவதுதான். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஆன்டெனா நிலையத்தில், செல்போனும் மைக்ரோவேவ் அடுப்பும் கலந்துவிட்ட இரைச்சலைப் பொறுக்கி எறிகிறவள். எல்லாரும் 'சல்லடை' என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான், பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டாள், புருஷன் சீக்கிரம் வீடு திரும்பினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

பக்கத்து மேசை கொழுந்தனுக்கு. அவன் ஒரு படம் கொண்டுவந்தான். இரண்டு விண்மீன் மண்டலக் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதிய இடம். மண்டலங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன; நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், புகை மாதிரி ஒரு மங்கலான ரேடியோ ஒளி. அது மெய்யென்று இவள் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், பாவம்.

"புள்ளிகளை நீ ஒழுங்கா கழிக்கல. அந்த மிச்சம்தான் இது."

"மிச்சம்னா புள்ளி மேலதானே அண்ணி இருக்கும்? இது பரவியில்ல கிடக்கு."

"எண்ணெய்க் கறையும்தான் பரவும்."

"அண்ணன் உங்ககிட்ட எப்படித்தான் குப்பை கொட்டுறாரோ."

"அவரையும் நான் இன்னும் முழுசா நம்பல."

புள்ளிகளை அவளே கழித்தாள். புகை போகவில்லை. அடுத்து, கேன்டீன் பக்கம் நெருங்கி நிற்கும் ஆன்டெனாக்கள் மேல் கண் விழுந்தது. அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் வாரிக்கொள்பவை. அவை தந்ததை மொத்தமாகத் தூக்கிப் போட்டாள். படம் துடைத்த கண்ணாடியாக வந்தது. புகை இல்லை.

"பாத்துக்கோ."

கொழுந்தன் திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினான்.

அவளும் தன் டப்பாவைத் தள்ளிவைத்தாள். இவ்வளவு சுத்தமாக ஒரு படம் வருமா? இப்போது தன் கை மேலேயே சந்தேகம். ஒரு பொய்ப்புகையைத் தானே செய்து, அலைகளோடு கலந்து, அதே வழியில் சலித்தாள். அதுவும் காணாமல் போயிற்று. அப்படியென்றால் மெய்யான புகையையும் இந்தச் சலிப்பு விழுங்கிவிடும்.

தூரத் தூர நிற்கும் ஆன்டெனாக்களுக்குப் புள்ளிகள்தான் தெரியும். அகலமாகப் பரவியது நெருங்கி நிற்பவற்றுக்கே தெரியும். தெரியாதவளில்லை, இரைச்சல் மேலிருந்த கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பு ஓடிய நேரங்களை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதைத் திரும்பச் சேர்த்தாள். புகை அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்போ நம்பிட்டீங்களா அண்ணி?"

"பொய்னு என்னால காட்ட முடியல, அவ்வளவுதான். வேற அலைவரிசையில இன்னொரு தடவை பாரு. அதுவரைக்கும் ஊர் பூரா சொல்லிட்டுத் திரியாத."

"அம்மாகிட்ட சொல்லிட்டேனே."

"எப்போ?"

"காலையிலயே. எப்படியும் போட்டுடுவீங்கன்னுதான்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் படத்தை இப்படிக் குடு, இன்னொரு தடவை பாக்கறேன்."