ஒரு பொக்ஸ், ஐந்து ரீவி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிற என் வீட்டின் கூரைக்குள் ஏறி, எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னைத் தவிர ஒருவராலும் முடியாது. படித்த மருமகப்பிள்ளைகள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது ஒருவர் ஏணியில் ஏறி நான் கண்டதில்லை. சிட்னிக்கு வந்த புதிதில் பிறருடைய அலுவலகக் கந்தோர்களில் தரை துடைத்தேன். பிறகு துப்புரவு வேலைக்குச் சொந்தமாக ஒரு வான் வண்டி, பிறகு ஆறு வான். மாடி வீடு கட்டினேன். பின்வளவில் வாடகைக்கு விட ஒரு சின்ன வீடும் கட்டினேன். இங்கே அதைக் கிரானி பிளாட் என்பார்கள். நாங்கள் பின்வீடு என்போம்.

இவ்வளவும் செய்தவனுக்கு ஐந்து ரீவிக்கும் ஒரே இடத்திலிருந்து படம் கொடுப்பது பெரிய காரியமா?

மண்டபத்து அலுமாரிக்குள் தமிழ்ச் சனலும் இன்டர்நெட் வீடியோவும் எல்லாம் வருகிற ஒரேயொரு பொக்ஸ். அதிலிருந்து ஒரு வயர் ஸ்பிளிட்டருக்குள் போகும். ஸ்பிளிட்டர் என்பது ஒன்றை வாங்கிப் பலதாகப் பிரித்துக் கொடுக்கிற சின்னத் தகரப் பெட்டி. அதிலிருந்து ஐந்து வயர்: மண்டபத்துக்கு, எங்கள் படுக்கையறைக்கு, மகளின் அறைக்கு, நான் குந்தியிருக்கிற கராஜுக்கு, கடைசியாகப் புல்லுக்குக் கீழே குழாய் புதைத்துப் பின்வீட்டுக்கு. வயர் பிடிக்க வந்தவன் ஒரு கிழமை வேலை என்றான். நான் இரண்டு நாளில் முடித்தேன். ஒவ்வொரு அறையிலும் ரிமோட்டின் சைகையைப் பிடிக்கிற கறுப்புக் கண் ஒன்றை ஒட்டினேன். ரிமோட்டும் ஐந்து வாங்கினேன். எங்கேயிருந்து அழுத்தினாலும் பொக்ஸ் கேட்கும். பார்க்க வந்த ஆட்களெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பார்கள். கேளாதவர்களுக்கும் காட்டுவேன்.

ஆனால் ஒரு பொக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் கொடுக்கும். ஐந்து பேருக்கு ஐந்து ஆசை. கராஜில் நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து வீசுகிறவன் ஓடி வருவான். கை தூக்குகிற நேரம் திரையில் ஒரு மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள். மனைவி அறையிலிருந்து மாற்றியிருப்பாள். நான் திருப்பி மாற்றுவேன். மகள் செய்திக்கு மாற்றுவாள். பிறகு வீடு முழுக்கச் சத்தம்.

"ஆர் மாத்தினது?" என்று நான் கத்துவேன்.

"நான்தான். பத்து நிமிசம் பொறுங்கோ, முடியப்போகுது!"

"நேற்றும் இதைத்தானே சொன்னனீர்!"

மகள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். "அப்பா, ஆளுக்கு ஒரு பொக்ஸ் வாங்கி வைச்சா இந்தச் சண்டை வராது."

"ஒரு வீட்டிலை எத்தினை உலை வைக்கிறது? எல்லாரும் ஒண்டைப் பாத்தா என்ன குறைஞ்சு போகும்?" என்று வாயை அடைத்துவிடுவேன். என் கையால் செய்த வேலையைப் பிழை என்று சொல்ல நானே எப்படி விடுவேன்?

இப்படியிருக்க, என் மனைவியின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் காலமானார். தாய் தகப்பனுக்குப் பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவளுக்கோ ஒப்பரேசன் செய்து முழங்கால் மாற்றி இரண்டு கிழமை ஆகவில்லை. விமானம் ஏற டொக்டர் விடவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி அழுதாள். செத்தவீட்டை நேரலையில் காட்டுவதாக அண்ணனின் மகன் சொன்னான். இப்போது எங்கள் சனத்தில் செத்தவீடு பாதி உலகத்துக்கும் நேரலைதானே. இவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முகம் ஒருக்கா வடிவாக் காட்டு ராசா. எனக்கு அது போதும்."

"சவப்பெட்டி மூட முந்திப் போனைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லுறன் மாமி. நானே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவன். பாத்துக்கொண்டிருங்கோ."

அவளுக்குக் கண்ணில் புரை. கைபேசியில் முகம் நகமளவுதான் தெரியும். அதனால் பெரிய திரையில் பார்ப்பது என்று முடிவு. அதுக்கென்ன, நான் இருக்கிறேன் என்றேன். மண்டபத்திலும் போகும், அவளுடைய அறையிலும் போகும், துக்கம் விசாரிக்க வருகிற ஆட்களும் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை, பின்வீட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை வந்து வாசலில் நின்றார். தமிழ்நாட்டுப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை, நல்ல குணம்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். நாளைக்குப் பாப்பாவுக்கு மொத பொறந்தநாள். வீட்டுலயே பத்துப் பேரைக் கூப்பிட்டிருக்கோம். உங்க வீட்டுல இப்படி ஆயிடுச்சு. தள்ளி வெச்சுக்கட்டுமா?"

"முதல் பிறந்தநாள் திரும்பி வருமோ தம்பி? ஒண்டும் யோசியாமல் செய்யுங்கோ. உங்கடை வீடு வேறை, எங்கடை வீடு வேறை."

அப்படித்தான் சொன்னேன். பெரிய மனுசனாகச் சொன்னேன். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே புல்லுக்குக் கீழே நானே புதைத்த வயர் ஓடுகிறது என்பது அந்த நேரத்தில் என் மண்டைக்குள் வரவில்லை.

சனி பின்னேரம். யாழ்ப்பாணத்தில் முற்பகல். மண்டபத்தில் ஏழெட்டுப் பேர். பிளாக்டவுனிலிருந்து வந்த ஒரு பெரியவர் திரைக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தார். அறையில் மனைவிக்குப் பக்கத்தில் மகள். ஐயர் மந்திரம் சொல்வது தெளிவாகக் கேட்டது. படமும் நல்ல படம். வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள்.

திடீரென்று திரையில் சப்பாத்துப் போட்ட நாலு குரங்குகள் ஆங்கிலப் பாட்டுக்குத் துள்ளத் தொடங்கின.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன தம்பி, குரங்கல்லே துள்ளுது?"

ரிமோட்டை எடுத்து அழுத்தி நேரலைக்குத் திருப்பினேன். வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது. ஒருவழியாகப் படம் வந்தது. பெண்கள் சுற்றி வருகிறார்கள். மறுபடி குரங்கு. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினேன். அழுத்தினேன். மறுபடி வட்டம்.

"பிள்ளை! அங்கை ரிமோட்டை ஆர் வைச்சிருக்கிறது?"

"ஒருத்தரும் தொடேல்லை அப்பா! அது மேசையிலை கிடக்கு!"

"அப்ப ஏன் மாறுது?"

"எனக்கென்ன தெரியும், நீங்கள்தானே வயரெல்லாம் பூட்டினது!"

இந்தப் பேச்சை ஆட்களுக்கு முன்னால் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை படம் வந்தபோது, மொட்டை அடித்த தலையோடு அண்ணனின் மகன் போனுக்குக் கிட்டக் குனிந்து நின்றான். "மாமி" என்றான். அவ்வளவுதான். குரங்கு.

அறையிலிருந்து மனைவி கத்தினாள். "இஞ்சேருங்கோ! அண்ணை எங்கை? அண்ணையைக் காட்டச் சொல்லுங்கோ!"

அடுத்து மகளின் குரல். "அப்பா! பின்வீடு! பின்வீட்டு ரிமோட்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். கதவைத் தள்ளினால் பலூன், கடதாசித் தொப்பி போட்ட பிள்ளைகள், நடுவில் பட்டுப் பாவாடையோடு அந்தக் குழந்தை. என் வயசில் பாதியில்லாத ஒருவர் கையில் ரிமோட்டோடு நிற்கிறார். விருந்துக்கு வந்தவர். என்னைக் கண்டதும் அவர் முறைப்பாடு சொல்லத் தொடங்கினார்.

"பாருங்க சார், பசங்களுக்குப் பாட்டுப் போட்டா ஏதோ சாவு வீடு வந்துக்கிட்டே இருக்கு. நல்ல நாளும் அதுவுமா! மூணு தடவ மாத்திட்டேன், திரும்பத் திரும்ப வருது."

என் நாக்கில் எத்தனையோ வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன பிழை? முதல் பிறந்தநாள் அன்று பிள்ளைக்கு முன்னால் பிரேதத்தைக் காட்டினால் நானாக இருந்தால் ரீவியையே உடைத்திருப்பேன்.

"அது என்ரை மச்சான்" என்றேன்.

பின்வீட்டுப் பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ அங்கிள்! ஆன்ட்டி பாத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று பாய்ந்து போய் ரீவியின் வயரைப் பின்பக்கத்தால் பிடுங்கினார். நல்லெண்ணத்தில்தான் பிடுங்கினார்.

நான் திரும்பி ஓடி வந்தபோது மண்டபத்தில் திரை கறுப்பு. அறையில் கறுப்பு. என் ஸ்பிளிட்டரின் குணம் அது. ஒரு வயரைத் திடீரென்று பிடுங்கினால் மற்ற நாலையும் புதிதாகத் தேடத் தொடங்கும். அரை நிமிடம் ஒன்றும் வராது. எனக்கு அது நன்றாகத் தெரியும். பிடுங்காதேங்கோ, சும்மா விடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அரை நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்று அன்றுதான் கண்டேன்.

படம் வந்தபோது பறை முழங்கியது. ஒழுங்கைத் தெருவில் ஆண்களின் முதுகுகள் தெரிந்தன. மூடிய பெட்டி தோளில் போய்க்கொண்டிருந்தது.

மனைவி திரையைப் பார்த்தபடி இருந்தாள். அழவில்லை. மகள்தான் தோளைத் தடவினாள். "அம்மா, இது ரெக்கோட் ஆகியிருக்கும். பிறகு ஆறுதலாப் பாக்கலாம்."

"அவன் கூப்பிடேக்கை நான் அங்கை இல்லை. பிறகு பாத்தென்ன, பாக்காட்டி என்ன?"

மறுநாள் பின்வீட்டுப் பெண் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். மனைவி அவளுடைய கையைப் பிடித்து, "நீர் என்ன செய்வீர் பிள்ளை, உம்மடை குழந்தையின்ரை நாள்" என்றாள். அவளோடு கதைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களோடு கதைத்தாள். என்னோடு மட்டும் இல்லை. சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனால் வாங்கி வைப்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள். கலியாணம் கட்டிய நாற்பது வருடமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த அமைதியைச் சமாளிக்கத் தெரியவில்லை. ஏசியிருந்தாலாவது திருப்பி ஏசியிருப்பேன்.

நாலாம் நாள் கராஜில் இருந்து கைபேசியில் அந்தப் பதிவை நானே போட்டுப் பார்த்தேன். அண்ணனின் மகன் குனிகிறான். "மாமி, அப்பாவைப் பாருங்கோ." போன் கிட்டப் போகிறது. திருநீறு பூசிய முகம், அமைதியான முகம். "பாத்திட்டியளோ மாமி?" யாரோ பின்னாலிருந்து நேரம் போகுது என்கிறார்கள். அவன் கையைக் காட்டி நிற்பாட்டுகிறான். "பொறுங்கோ, மாமி பாக்கட்டும்." பறைகாரரும் நிற்கிறார்கள். அத்தனை சனமும் என் வீட்டுக் கட்டிலில் இருக்கிற ஒருத்திக்காக நிற்கிறது.

எழும்பிப் போய் அவளிடம் சொன்னேன்.

"இஞ்சரும். அவன் உமக்காக எல்லாரையும் மறிச்சு வைச்சவன். பெட்டியை மூட விடேல்லை. பாத்திட்டியளோ எண்டு கேட்டவன்."

நாலு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் நிண்டவன்?"

"கன நேரம்."

தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "போடுங்கோ" என்றாள்.

மண்டபத்துக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். நான் பெருமையாக எல்லாருக்கும் காட்டுகிற அந்த ஐந்து வயர். நாலைப் பிடுங்கினேன். அவளுடையதை மட்டும் விட்டு, பொக்ஸில் அந்தப் பதிவைப் போட்டேன். அரை நிமிடக் கறுப்பு முடிந்து படம் வரும்வரை அவளுடைய அறை வாசலில் நின்றேன்.

முகம் வந்தது. அவள் முன்னுக்குச் சரிந்தாள். "பாத்திட்டியளோ மாமி?" என்று அவன் கேட்டான்.

"ஓம் ராசா. பாத்தனான். இனி மூடுங்கோ" என்றாள்.

மேலே மகள், "அப்பா, என்ரை ரீவிக்கு என்ன நடந்தது?" என்று கத்தினாள். வீட்டு வாசலில் பின்வீட்டுப் பிள்ளையும் தன் ரிமோட்டோடு வந்து நின்றார். அவளுடைய அறைக் கதவை மெல்லச் சாத்தினேன். வேண்டுமானால் அவரவர் பொக்ஸை அவரவர் வாங்கட்டும். எனக்கு அலுத்துவிட்டது.