கறம்பக்குடிக்கு ஐஸ் பெட்டியோடு மூன்று முறை

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி மலம் கேட்பதுதான் என் தொழிலாக இருந்தது. ரத்தமும் சிறுநீரும் கேட்டு அலைந்த சக பாவிகளே, உங்களுக்கே என் நிலைமை பாதிதான் புரியும்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய் சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கும் நோய் ஒன்று உண்டு. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதில் பங்கு இருக்கிறதா என்று ஓர் ஆய்வு; அதற்காக நோயாளிகளின் மலத்தை டப்பாவில் வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவருவது என் வேலை. இப்போது ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மனசு என்னவோ ஐஸ் பெட்டி கட்டிய அந்த ஸ்கூட்டரில்தான் இருக்கிறது.

என்ன மீன்?

வல்லத்திராக்கோட்டை தாண்டும்போது ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். பெட்டி மூடியில் கை வைத்தவரைத் தடுப்பதற்குள் உயிர் போய் வந்தது. அவர் கேட்டது: "வஞ்சிரம் இருக்குங்களா?"

முதல் டப்பா

கறம்பக்குடி சகாயமேரி அக்கா தையல்காரர். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே விளக்கினேன். இதனால் உங்களுக்குக் குணமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும், சொன்னேன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, இதக் கேக்கவா டிகிரி படிச்சீங்க?"

மரியாதை

ஆறு மாதம் கழித்துப் போனால் டப்பாவில் வெறும் தண்ணீர். நான் வருகிறேன் என்று முதல் நாளே பேதி மாத்திரை போட்டிருக்கிறார்! நான் தேடி வந்த கிருமிகளில் பாதி கழுவிக்கொண்டு போயிருக்கும். அதைவிட, உடம்பில் நீர் வற்றினால் அவருடைய சிறுநீரகம் தாங்காது. நான் பதற, அக்கா என்னைவிடப் பதறினார். "பெரிய டாக்டருங்க பாக்குறதாச்சே, சுத்தமா இருக்கட்டுமேன்னு நெனச்சேங்க!"

மூன்றாவது டப்பா

டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு ஆய்வில் இடமில்லை. அக்காவுக்குத் தொடங்கி இரண்டு வாரமாகியிருந்தது. இனி வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். தையல் மிஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா கையில் கட்டோடு, நாளும் நேரமும் எழுதிய டப்பாவை எடுத்து வந்தார். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. "எனக்குக் கொணமாக வேணாங்க. உள்ள இருந்து என்னைய அழிச்சவன் எவன்னு பேரு மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி."

வாங்கித்தான் வந்தேன். மலம் கேட்டு நின்றபோதெல்லாம் வந்த வெட்கம் பழகிப்போனது; அக்கா கேட்ட அந்தப் பேர் இன்னும் தெரியாமல் அவர் வீட்டுத் தெருவை நான் கடக்கும்போது வரும் வெட்கம் மட்டும் இன்னும் பழகவில்லை.