பஞ்சாபகேசனின் நான்கு இலக்கங்கள்

“ஒண்ணு, நாலு, ரெண்டு, ஏழு” என்கிறார் பஞ்சாபகேசன். மணி கேட்டவர் விழிக்கிறார். 14:27 என்பதை இரண்டரை ஆகப்போகிறது என்று சாதாரணமாகச் சொல்ல இவருக்கு வாய் வராது.

கரமனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வழுதக்காட்டில் எங்கள் சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் ப்ரோக்ராம் எழுதுகிறார். வயது ஐம்பது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். தவறான நேரம் எதுவும் கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் காவல் நிற்கும் ஒற்றை வரி அவர் எழுதியது. அதை ‘பேட்டர்ன்’ என்பார்.

“மொதல் எடத்துல ஸைபரோ ஒண்ணோ வந்தா அடுத்தது எதுவும் ஆகலாம். ரெண்டு வந்தா, அடுத்தது மூணைத் தாண்டப்டாது. நிமிஷம் அம்பத்தொம்பதோட சரி. அவ்வளவுதான், கேட்டேளா?”

ஒரு நாள் முழுவதையும் ஒரு வரியில் அடைத்துவிட்டதில் அவருக்கிருந்த நிம்மதி எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது. நாம் கண்ட நாள்களை வைத்துத்தானே விதி செய்கிறோம்.

போன மாதம் அந்த வரி நாற்பத்தொரு நேரங்களைத் தள்ளிவிட்டது. ஒரு பஸ் டிப்போவின் வண்டி நேரங்களைக் குறித்த டூட்டி ஷீட்டுகள், அவற்றைக் கம்ப்யூட்டரில் அடித்தவள் செல்லபாய். பாறசாலையிலிருந்து வருகிறவள், தற்காலிக வேலை. பிழை நாற்பதைத் தாண்டினால் வேலை நீடிக்காது என்பது மேனேஜரின் சட்டம். ஒத்துப் பார்க்கலாமென்றால் ஷீட்டுகளோ டிப்போவுக்குத் திரும்பிப் போயிருந்தன.

“ஷீட்டுல கண்டதத்தான் அடிச்சேன் சாரே, சத்தியமாட்டு.”

“25:10-னு அடிச்சிருக்கயே. இருபத்தஞ்சு மணி எந்த லோகத்துலயாக்கும் இருக்கு?” என்றவர், பிழைப் பட்டியலின் தலைப்பில் சிவப்பில் அவள் பெயரை எழுதினார்.

எழுதிய பிறகும் பட்டியலை மடக்கவில்லை. நாற்பத்தொன்றிலும் மணி மட்டுமே தப்பு; கை தவறியிருந்தால் நிமிடமும் எங்காவது தவறியிருக்க வேண்டும், ஒன்றுகூடத் தவறவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் டிப்போவில் இறங்கினார். டைம் கீப்பர் ஞானையன் பட்டியலைப் பார்த்துச் சிரித்தேவிட்டாராம்.

“சாமியே, வித்துரா ஊருக்குப் போன கடைசி வண்டி ராத்திரி ஒண்ணு பத்துக்காக்கும் வரும். டூட்டி தீராம நாளு எப்பிடித் தீரும்? ஒண்ணுன்னு எளுதினா மறுநாள் டூட்டி ஆயிப்போவும்லா? அதான் இருபத்துநாலும் ஒண்ணும் இருபத்தஞ்சு.”

மறுநாள் காலை பஞ்சாபகேசன் நேரே மேனேஜரிடம் போனார். “அந்தப் பொண்ணு அடிச்சது சரி. தப்பு என் பேட்டர்ன்லயாக்கும்.” மேனேஜர் தலையசைத்து, வேலை நீட்டிப்புக் காகிதத்தில் கையெழுத்திட்டார்.

செல்லபாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “நேத்து சோறே எறங்கல்ல சாரே. இனி உங்க பேட்டர்ன செக் பண்ணவும் ஒரு ஆளு வேணும்.”

“நீயே பாரேன்” என்று இவரும் சிரித்தார்.

பிறகு பட்டியலை எடுத்து, தலைப்பில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் 10:52 என்று நேரம் போட்டு, ஒவ்வோர் இலக்கத்தையும் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார்.