ஊரூர்க் குப்பமும் ஓர் அடிக்குறிப்பும்

ஐயா, நீர் ஊரூர்க் குப்பத்துக்குப் போனதே இல்லை. போகாமலேயே அந்த ஜனங்களைக் கோழைகள் என்று உம் மொழிபெயர்ப்பில் அச்சடித்துப் பள்ளிக்கூடங்களுக்கு விற்றிருக்கிறீர். நான் போனேன். போய்வந்ததை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்கிறேன், நீரும் கேளும்.

நான் மயிலாப்பூரில் ஓர் இரும்புக் கடையில் எடை போடுகிறவன். பழம் புத்தகம் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். இரும்புச் சட்டை போட்ட சீமை வீரர் கதைகளும், கப்பலேறி இங்கே வந்த துரைகளின் யாத்திரைப் புத்தகங்களும் எந்தக் கடையில் கிடந்தாலும் விடமாட்டேன். இரண்டையும் நீர் தமிழில் ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறீர் என்று கேட்டு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதற்பாகத்து வீரர் கதைகளை ஒரே மூச்சில் படித்தேன். அதில் குறை சொல்லமாட்டேன். இரண்டாம் பாகத்தில், நூறு வருஷத்துக்கு முன் ஒரு துரை ஊரூர்க் கரையில் படகு கவிழ்ந்து பிழைத்த கதை வருகிறது. என் வீட்டிலிருந்து நாலு மைல்கூட இராது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்துவரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன்.

காலை ஆறு மணி. குளத்தண்டை ஒரு ஜட்கா கிடைத்தது. பகல் முழுவதற்கும் ஒன்றரை ரூபாய் என்று பேசினேன். வண்டிக்காரர் காதர் பாய், மூன்று தலைமுறையாக மயிலாப்பூரில் இருக்கிறவர்.

"குப்பத்துக்கா சாமி? மீன் வாங்கவா?"

"இல்லை பாய். இந்தப் புத்தகத்தில் இருக்கிற இடத்தைப் பார்க்க."

"எல்லாரும் இடத்தப் பாத்துட்டுப் புத்தகம் எழுதுவாங்க. நீங்க புத்தகத்தப் பாத்துட்டு இடத்துக்குப் போறீங்க. உல்ட்டாவா கீதே!"

ஆறே முக்காலுக்கு அடையாற்றுப் பாலம். ஆற்றில் தண்ணீர் வற்றி, முகத்துவாரத்தில் மணல்மேடு தெரிந்தது. பாலம் தாண்டி ஒரு மைல் போனதும் பாதை முடிந்துவிட்டது. மணலில் சக்கரம் இறங்காது. பாயை அங்கே நிறுத்திவிட்டு அரை மைல் நடந்தேன்.

ஏழரை மணிக்குக் கரைக்கு வந்தேன். நாலு கட்டுமரங்கள் நீர் விளிம்பில் கிடந்தன. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் முன்னால் நின்று, கடலைப் பார்த்தபடி வலக்கையை உயர்த்திப் பிடித்திருந்தார். ஒருவரும் அசையவில்லை.

புத்தகத்தைப் பிரித்தேன். துரை எழுதியிருந்ததும் இதுதான்: படகு கவிழ்ந்து தாம் தத்தளித்தபோது கரையிலிருந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவன் கையை உயர்த்தி மற்றவர்களைத் தடுத்தான், கூலி பேசும்வரை ஒருவனும் கடலில் இறங்கவில்லை. அதன் கீழே நீர் உம் கைச்சரக்காக ஓர் அடிக்குறிப்பு வைத்தீர்: சீமை வீரன் பகைவனைக் காக்க அகழியில் குதித்ததை முதற்பாகத்தில் கண்டோம், அந்த வீரதருமம் நம் கரையில் இல்லாததைப் பிள்ளைகள் உணர்க என்று. துரை எழுதியது மெய்தான் போலிருக்கிறது என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த வெட்கத்தை மறைக்க மாட்டேன்.

"ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"சொம்மாவா? நீ போய் எறங்கு நைனா, நாங்க பாக்கறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்து முடிக்குமுன் அலைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, சுவர் உயரம். மூன்றாவது உடைந்து நுரையானதும் பெரியவரின் கை இறங்கியது. நான் புத்தகத்தை மூடுவதற்குள் நாலு கட்டுமரமும் அலை உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டன.

பெரியவர் பெயர் தேசப்பன். அவரிடம் கேட்டேன்.

"பெரிய அலை கூட்டமாத்தான் வரும் சாமி. அது நடுவுல எறங்கினா மரமும் போவும், ஆளும் போவான். கை எறங்கினாத்தான் போவணும்."

"ஒருவன் முழுகிக்கொண்டிருந்தால்?"

"அப்பவும் அதான். அவசரப்பட்டா ஒரு பொணத்துக்கு ரெண்டு பொணம்."

துரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் கூடையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். முனியம்மா என்று பெயர்.

"அப்பாலே அந்தத் தொரைக்கு இன்னா ஆச்சு? அதையும் படி."

படித்தேன். அலையில் உருண்டு நினைவு தப்பியது, விழித்தபோது மணலில் கிடந்தேன் என்று இருந்தது.

"மயக்கம் போட்டவன் யார்கிட்ட நைனா கூலி பேசினான்? மணலுக்கு அவன எவன் தூக்கியாந்தான், நண்டா?"

இருமுறை படித்த புத்தகம். என் கண்ணுக்கு அது படவில்லை. மொழிபெயர்த்த உமக்கும் படவில்லை. எழுத்து வாசனை இல்லாதவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

"இதே கேள்விய கேட்டுத்தான் எம்புள்ள வேலைக்கு ஒலை வெச்சிகினு கீறான்" என்றார்.

மகன் மாணிக்கம் அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். குப்பத்தில் பிறந்து வாத்தியாரானவர் அவர் ஒருவர்தான். குடிசைக்குள்ளிருந்து வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "மேற்பார்வைக்கு வந்தவர் அந்தப் பாடத்தைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொன்னாருங்க. அவுங்க அப்பன்மாரு கோழைன்னு அவுங்க வாயாலயே எப்படிச் சொல்ல வைக்கிறது? மயங்கினவர் யார்கிட்ட கூலி பேசினாருன்னு அவர்கிட்ட கேட்டு, இந்தப் பக்கம் பொய்யின்னு சொன்னேன். இப்போ மன்னிப்பு எழுதிக் குடு, இல்லே விலகிக்கோன்னு பள்ளிக்கூடக் கமிட்டி கடுதாசி போட்டிருக்கு."

"எழுதிக் கொடுப்பீர்களா?"

"எழுதிக் குடுத்தா நாளைக்கு எந்த மொகத்தோட பாடம் சொல்றது?"

பகல் பன்னிரண்டுக்குக் குப்பத்தை விட்டேன். பாய் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தப் புத்தகம் போட்ட பெரிய மனுசன் வீடு எங்கே சொல்லுங்க" என்று குதிரையைத் தட்டினார். புத்தகத்தில் அச்சிட்டிருந்த விலாசம் தியாகராய நகர்; தேனாம்பேட்டை வழியாகச் சுமார் ஐந்து மைல். ஏரியைத் தூர்த்த புது நிலம். மனைக்கு மனை கல் நட்டிருந்தது. உம் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு.

நீர் மரியாதையாகத்தான் பேசினீர். காப்பிகூடக் கொடுத்தீர், நான் குடிக்கவில்லை.

"பழைய புத்தகம், ஐயா. துரை எழுதினதை நான் தமிழில் எழுதினேன்" என்றீர்.

"அடிக்குறிப்பு?"

"அது பிள்ளைகளுக்கு ஒரு நீதி."

"வாத்தியார் வேலை?"

"அது கமிட்டி விஷயம்."

"குப்பத்துக்குப் போயிருக்கிறீர்களா?"

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

இருப்பதைச் சொல்லிவிட்டேன். உம் சீமை வீரன் குதித்த அகழியில் அலை கிடையாது. இவர்கள் இறங்கும் கடல், தப்புக் கணக்குப் போட்டவனைத் திருப்பித் தருவதில்லை. பழம் புத்தகங்களை இனியும் படிப்பேன். ஆனால் துரை நூறு வருஷத்துக்கு முன் தவறாகப் பார்த்ததற்கு, போய்ப் பார்க்காத நீர் இன்று முத்திரை குத்தினால், அதற்காக உள்ளூர் வாத்தியார் சோறு இழந்தால், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் ஆகாது.

கமிட்டி அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்கு முன் இதே பத்திரிகையில், உம் பெயரைப் போட்டு எழுதும். அடிக்குறிப்பு தவறு என்றால் தவறு என்று எழுதும்; மாணிக்கம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சரி என்றால் சரி என்று எழுதி, எதை வைத்துச் சொல்கிறீர் என்று எல்லாரும் அறியச் சொல்லும். வீட்டு வாசலில் எனக்குச் சொன்ன பதில் செல்லாது. ஊரறிய அச்சிட்டீர், ஊரறியப் பதில் சொல்லும்.