மாதா கோயிலில் விட்ட கட்டை

ஓமலூர் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் தையல்காரர், மிஷினை மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும். லாரி முதலாளி மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். "அத்தாட்சியெல்லாம் திரட்டிக்கிட்டு வாங்கம்மா" என்றார் எங்கள் வக்கீல். படுத்துக் கிடக்கிறவர் எதைத் திரட்டுவார்? நான்தான் கிளம்பினேன்.

ரத்தக்கறைச் சட்டையைத் தேடினால், மாமியார் அதை அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, மடித்தே வைத்திருந்தார். "பொட்டுக் கறை இருக்குதா பாரு" என்று பெருமை வேறு. நெளிந்துபோன சைக்கிளைக் கேட்டுச் சைக்கிள் கடை பாயிடம் ஓடினேன். அவர் அதை நிமிர்த்திப் புது மணியும் மாட்டி, பளபளவென்று நிறுத்தியிருந்தார். "பழகுன மனுசனுக்கு இதுகூடச் செய்யலீன்னா எப்படிங்க, தங்கச்சி?" என்றார். இத்தனை நல்லவர்களை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

நல்லவேளை, இடித்ததைப் பார்த்த டீக்கடைக்காரர் சாட்சிக்கு வரச் சம்மதித்தார். ஆஸ்பத்திரிக் காகிதமும் கிடைத்தது. "அப்படியே அவர் ஊன்றி நடந்த கட்டையையும் கொண்டாங்க" என்றார் வக்கீல். கக்கத்தில் வைத்து ஊன்றுகிற அந்தக் கட்டை மாதா கோயிலில் இருந்தது.

கட்டையில்லாமல் நடந்தால் அதை மாதாவுக்கே காணிக்கையாக வைப்பதாக என் வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டிருந்தார். நொண்டி நொண்டி நாலடி நடந்த உடனே, ஞாயிறு பூசை முடிந்து ஊரே பார்க்கக் கொண்டுபோய் வைத்துவிட்டார். மாதாவைக் காத்திருக்க வைக்கக் கூடாதாம். நஷ்டஈடு கேட்கிற மனுஷன் குணமாகிவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வந்ததை நினைத்தால், அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எதிர்க்கட்சி வக்கீலுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. கோர்ட்டில் இவரைக் கூண்டில் ஏற்றி, நயமாகக் கேட்டார்: "மாதா உங்களைக் குணமாக்கினாங்களா, இல்லையா?"

இல்லையென்றால் மாதாவுக்குத் துரோகம். ஆமென்றால் வழக்கு போச்சு. இவர் யோசிக்கவே இல்லை.

"ஆமாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே ஒன்று வைத்திருப்பேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார்.

மாதாவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, போலீஸ்காரர் மாதிரி நடந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். "ஏனுங்க! மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க! ஊட்டுல நடக்கற மாதிரி நடங்க!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டவாலிச் சேவகர் என்னை உட்காரச் சொல்லி அதட்டினார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. நின்று, என்னைப் பார்த்தார். பிறகு விறைப்பை விட்டுவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் நடக்க ஆரம்பித்தார்.

கத்திக் கேட்டு வாங்கியவள் நான்தான். என்னால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.