பயறு கழுவிய தண்ணீர்

கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் இருந்த ஒரு முன்பள்ளியில் ஆறு வருடங்கள் படிப்பித்தேன். இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் அவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு. தாய்மார் முறைவைத்து வந்து சமைப்பார்கள். அரிசி, பயறு, கடலை எல்லாவற்றையும் பெற்றோர் குழுத் தலைவர் இலவசமாகத் தந்தார். அவர் சந்தியில் கடை வைத்திருந்தவர். கடையின் ஒரு பக்கத்தில் பருப்பும் சீனியும் இருக்கும், மறுபக்கத்தில் விதையும் உரமும் பூச்சிமருந்தும். இரண்டுக்கும் ஒரே தராசு. பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுக்கிற மனிதர் என்று ஊர் அவரைக் கும்பிட்டது. நானும்தான் கும்பிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு பை பயறு வந்தது. அன்று முறைக்கு வந்த தாய் அதை அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுத்தாள். நானும் ஒரு கோப்பை சாப்பிட்டேன். பத்து மணிக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். வெயில் என்றேன் நான். கண்ணூறு என்றாள் ஒரு தாய், செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். பயறைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை வேறொரு தாயின் முறை. அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவள் கூலிக்கு வயல்வேலை செய்பவள். குசினிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க."

சட்டியில் திங்கட்கிழமைப் பையின் மிச்சப் பயறு ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஜம்புப்பழம்போல இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது திங்கிற பயறு இல்ல டீச்சர். விதைப் பயறு. பூச்சி அரிக்காம மருந்து தடவினது. யாரோ மேலால கழுவிக் காயவச்சிருக்காங்க, அதான் பார்த்தா தெரியல. போன தடவை தலைவரோட காணியில நான்தான் இதை விதைச்சேன். கை ரெண்டு நாளா சிவப்பாவே இருந்துச்சு. நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவாம சோத்துல கை வைக்காதன்னு அவருதான் சொன்னாரு."

திங்கட்கிழமை சமைத்தவளின் வீடு பக்கத்தில்தான். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஓம் டீச்சர், தண்ணி சிவப்பாத்தான் இருந்தது. புது இனப் பயறாக்கும் எண்டு நினைச்சனான். மூண்டு தரம் கழுவினனான்," என்றாள்.

தலைவருக்குப் போன் எடுத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சேட்டு, நெற்றி நிறைய விபூதி. சட்டியை எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுக்கோ டீச்சர் கூப்பிட்டனீங்கள்? நல்லாக் கழுவி அவிச்சால் ஒண்டும் செய்யாது. நெருப்பில எல்லாம் செத்துப்போம்."

மருந்து என்ன புழுவா, நெருப்பில் சாவதற்கு? அதை விற்றுப் பிழைக்கிற மனிதருக்கு அது தெரியாதென்று நான் நம்பத் தயாராக இல்லை.

"விதைப் பயறோ, சாப்பாட்டுப் பயறோ? அதைச் சொல்லுங்கோ," என்றேன்.

"போன போகத்தில மிஞ்சினது. எறிஞ்சால் பாவமெல்லே. பிள்ளையளுக்கெண்டாலும் பிரயோசனப்படட்டும் எண்டு தந்தனான்."

பாவமாம். பயறுக்குப் பாவம் பார்த்த மனிதர். வீட்டு மாட்டுக்கு அதை வைத்திருக்கமாட்டார். மாடு செத்தால் நட்டம்.

பயறைக் காட்டித்தந்த தாய் முன்னுக்கு வந்தாள்.

"அப்ப ஒரு கை அவிச்சுத் தர்றேன். நீங்க முதல்ல சாப்பிட்டுக் காட்டுங்க ஐயா."

அவர் சிரித்தார். செய்தி கேட்டு வாசலில் கூடிநின்ற தாய்மார் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்தினார்.

"நான் இண்டைக்கு விரதம்," என்றார்.

முந்தின வெள்ளிக்கிழமை அவர் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போனதை நான் கண்டிருந்தேன். இப்படிப்பட்டவர்களின் விரதம் தேவைப்படும்போதுதான் தொடங்கும்.

பையை மோட்டார் சைக்கிளில் தூக்கி வைத்தார். போகும்போது அவளிடம் திரும்பி, சத்தம் போடாமல், "நீ என்ர காணியில வேலை செய்யிறனி. அதை மறந்திடாத," என்றார்.

பையைக் கொண்டுபோக நான் விட்டுவிட்டேன். சட்டியில் ஊறியதைக்கூடப் பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் பின்னால் குழி வெட்டிக் கொட்டிவிட்டேன். சாட்சிக்கு ஒரு பிடி எடுத்து வைக்கவேண்டும் என்ற மூளை படித்த எனக்கு இருக்கவில்லை.

அடுத்த கிழமை சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். நான்தான் அறிவித்திருந்தேன்.

"சாமான் எங்க டீச்சர்?"

"தலைவர் கொண்டுபோட்டார்."

சந்திக் கடைக்குப் போனார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடித்த முகத்தோடு திரும்பி வந்து, தாய்மாரை வரிசையில் நிற்கவிட்டு, சாப்பிடமுன் கை கழுவுவது எப்படி என்று விளங்கப்படுத்தினார். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் விரிவாகச் சொன்னார். பயறு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. தாய்மார் தலையாட்டினார்கள்.

அந்த நாட்களில் சந்திக் கடையில் பயறு மலிவாகப் போனது. அது இந்தப் பயறுதானா என்று எனக்குத் தெரியாது. வாங்கியவர்களும் கேட்கவில்லை. "வாங்காதேங்கோ" என்று போய்ச் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மாரி விதைப்புக்கு எல்லோருக்கும் ஆள் அனுப்பிய தலைவர் பயறைக் காட்டித்தந்தவளுக்கு மட்டும் அனுப்பவில்லை. மற்றக் காணிக்காரர்களும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் விடிய பஸ் ஏறி நெளுக்குளம் பக்கம் மேசனுக்குக் கல் தூக்கப் போகத் தொடங்கினாள். அவளுக்காகப் பேச ஒரு தாயும் வாய் திறக்கவில்லை. சத்தி எடுத்த மூன்று பிள்ளைகளின் தாய்மாரும்தான்.

வருட முடிவில் முன்பள்ளிக் கலைவிழா. தலைவருக்குப் பொன்னாடை, மாலை. 'எம் செல்வங்களின் பசி தீர்த்த வள்ளலே' என்று தொடங்கும் வாழ்த்துமடல் ஒன்றைக் குழுவினர் எழுதி என் கையில் தந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஒலிவாங்கியை நீட்டினார்கள். வாசித்தேன். ஓரிடத்திலும் குரல் தடக்கவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளும் வந்திருந்தாள், மகளின் ஆட்டத்தைப் பார்க்க. முடிந்து போகும்போது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நல்லா வாசிச்சீங்க டீச்சர்," என்றாள்.

நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அந்த ஊரில் நான் அதிகம் வெறுத்தது தலைவரைத்தான், என்னையல்ல என்று அதுவரை எண்ணியிருந்தேன்.