கீழ்வீட்டுக் குழாய்

ஹாங்காங்கின் நீர்த்தேக்கங்கள் வறண்டு, நாலு நாளைக்கு ஒருமுறை நாலு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்ட வருஷம் அது. கீழ்வீட்டில் குழாய் திறந்திருந்தால் மாடிக்கு ஒரு சொட்டு ஏறாது. நாலாம் மாடி ஃபோக் அக்கா படிக்கட்டில் தலையை நீட்டிக் கத்துவாள்.

“ஏய் கீழ்வீடு! குழாய மூடித் தொலைடி! நாங்க என்ன எச்சில முழுங்கியா உயிர் வாழறது?”

“மூடியாச்சுக்கா!” என்று அன்றும் பதில் கத்தினாள் கீழ்வீட்டு யுக்-ஹிங்.

மூடவில்லை. தகர டின்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. துணி ஊறவைக்கும் தொட்டிதான் பாக்கி. பொறுத்துப் பார்த்த அக்கா, இரண்டு வாளிகளோடு தெருக்குழாய்க்குப் போனாள். தண்ணீரோடு மேலே ஏறும்போது ஈரப்படியில் சறுக்கி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சிந்திய தண்ணீர் மட்டும் படிப்படியாக இறங்கி யுக்-ஹிங் வாசலுக்கு வந்தது.

நாற்பது வருஷமாயிற்று. இப்போது குழாயில் நாளெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது. யுக்-ஹிங் குடியிருப்பது முப்பத்திரண்டாம் மாடியில். அதற்கு மேல் வீடே கிடையாது. ஆனாலும் வாளி பாதி நிறைந்ததும் மேலிருந்து அந்தக் குரல் கேட்கும். அவசரமாகக் குழாயைத் திருகிவிட்டு அண்ணாந்து பார்ப்பாள்.

“இந்தத் தடவ நெஜமாவே மூடிட்டேன்க்கா.”